ஆறு முடிச்சு போட்ட பாட்டில்

ஒரு பெண்மணி எங்களுக்குச் செய்த உதவியை எழுத்திலிருந்து நீக்கினேன். அவர் செய்த பிழையை மட்டும் எழுதிவைத்தேன். இரண்டையும் ஒரே பிற்பகலில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன். அவசரத்தில் கை தவறிவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. யோசித்துத்தான் செய்தேன். செய்து முடித்துவிட்டு எழுந்துபோய் டீ குடித்தேன். அந்த டீயின் ருசிகூட ஞாபகம் இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. மதுரையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு வயது வந்த பிறகும் நிர்வாகம் சில வருடங்கள் என்னை வைத்துக்கொண்டது. நான் சொல்லப்போவது அந்தக் கடைசி வருடங்களில் நடந்தது.

எங்கள் மாணவர்கள் எட்டுப் பேர் வெளிநாட்டில் நடக்கும் ஒரு போட்டிக்காக ஆராய்ச்சி செய்தார்கள். செயற்கை உயிரியல் என்று அந்தத் துறையைச் சொல்வோம். ஆபத்தில்லாத ஒரு பாக்டீரியாவுக்குள் நமக்கு வேண்டிய மரபணுவைச் சேர்த்து, அது வழக்கமாகச் செய்யாத ஒரு வேலையைச் செய்யவைப்பது. பிள்ளைகள் எடுத்துக்கொண்ட வேலை தண்ணீரைப் பற்றியது. மதுரைக்கு மேற்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அந்த உப்பு பல்லில் பழுப்புக் கோடு போடும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். தண்ணீரில் அது அதிகமாக இருந்தால் எங்கள் பாக்டீரியா மஞ்சளாக வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்க வேண்டும். சோதனைச் சாலை இல்லாத ஊரிலும் ஒரு குழாயைப் பார்த்துத் தண்ணீரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர்கள் ஆசை.

அந்தப் போட்டியில் ஒவ்வொரு குழுவும் தன் ஆராய்ச்சியைப் பற்றி ஓர் இணையப் பக்கம் எழுத வேண்டும். அதில் ஒரு பகுதி கட்டாயம். மாணவர்கள் தாங்களே செய்தது எது, மற்றவர்கள் உதவியது எது என்று அங்கே சொல்லிவிட வேண்டும். யார் உதவினாலும், எவ்வளவு சிறிய உதவியானாலும். குறிப்பிட்ட நாளில் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது. இந்த விதியை நான்தான் முதல் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதி மாணவர்களுக்கு விளக்கினேன். நேர்மை என்ற சொல்லை அன்று பலமுறை பயன்படுத்தியிருப்பேன்.

அந்தப் பெண்மணி எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ, தரை துடைக்க, தண்ணீர் பிடித்து வைக்க ஒப்பந்தத்தில் வந்தவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். விடியற்காலையில் ஒரு பூக்கடைக்கு மல்லிகை கட்டிக் கொடுத்துவிட்டு, மேற்கேயிருந்து பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருவார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். பற்களில் பழுப்புக் கோடுகள். மாணவர்கள் அவரை அக்கா என்றார்கள். நான் 'ஏம்மா, இங்க வா' என்றுதான் கூப்பிடுவேன். 'அவர்' என்று எழுதுவதெல்லாம் இப்போது வந்த பழக்கம்.

வந்த முதல் மாதத்திலேயே அவர் எந்த ஊர் என்று சொல்லிவிட்டார். அது என் ஊர். நான் சொல்லவில்லை. எங்கள் வீடு ஊருக்கு நடுவில் இருந்தது, அவர்கள் தெரு ஊருக்கு வெளியே. எங்களுக்குத் தோட்டம் துரவு இருந்தது. அவருடைய ஆட்கள் எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். படிப்பு, வேலை என்று நான் மதுரைக்கு வந்து வில்லாபுரத்தில் வீடு கட்டிக் குடியேறி, அப்பா காலத்துக்குப் பிறகு நிலத்தையும் விற்றுவிட்ட பின், ஊரைச் சொல்ல என்ன அவசியம் என்று இருந்துவிட்டேன்.

ஆராய்ச்சி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு சோதனையிலும் ஃபுளோரைடு சேர்க்காத ஒரு குழாயை வைப்போம். அது வெள்ளையாக இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். அந்தக் குழாய் சில நாட்களில் மஞ்சளானது. எல்லா நாளும் இல்லை. அதனால் பிடிபடவில்லை. மாணவர்கள் பாக்டீரியாவை மாற்றினார்கள். மரபணுவைத் திரும்பச் செய்தார்கள். ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். குழுவின் தலைவியாக இருந்த மாணவி அழுதுகூடப் பார்த்தாள். மூன்று வாரம் போயிற்று. நான் அவர்கள் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, கவனக்குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பெண்மணி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்திருந்தார்.

"சார், ஒரு விசயம் சொல்லணும். வையக் கூடாது."

"சொல்லு."

"வெள்ளிக்கெழம கேன் காலியா இருந்தா நாந்தேன் தண்ணி ஊத்தி வைப்பேன். லாரித் தண்ணி."

எங்கள் காய்ச்சி வடிக்கும் கருவி பழுதாகியிருந்ததால், சுத்தமான தண்ணீரைக் கடையிலிருந்து கேனில் வாங்கிக்கொண்டிருந்தோம். அதில்தான் பாக்டீரியாவுக்கான உணவைக் கரைப்போம். ஏன் ஊற்றினாய் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா காலி ஏனத்த வச்சிட்டுப் போக மனசு வரல சார். இதுவும் குடிக்கிற தண்ணிதேன்னு நெனச்சேன்."

மாணவர்கள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். ஒருவன், "அக்கா, மூணு வாரமா எங்க உசுர வாங்கிட்டீங்களே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தலைவியைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க கிருமி பொய் சொல்லல பாப்பா. அந்தத் தண்ணியில நெசமாவே அந்த உப்பு இருக்கு. லாரிக்காரன் எங்கூருப் பக்கந்தேன் அடைக்கிறான். அதுல பருப்பே வேகாது. சனிக்கெழம கழுவுற குழாயெல்லாம் மஞ்சளா இருக்கு, ஒண்ணுகூட வெள்ள இல்ல. மத்த நாளு அப்படி இல்ல. அத வச்சுத்தேன் பாத்தேன்."

எட்டு மாணவர்களும் நானும் பார்க்காததை அவர் கழுவுதொட்டியில் பார்த்திருந்தார். லாரித் தண்ணீரைத் தனியாகச் சோதித்தோம். அவர் சொன்னது சரி. எங்கள் பாக்டீரியா கெட்டுப்போகவில்லை, யாரும் சொல்லாமலேயே வேலை செய்திருந்தது. அதைவிடப் பெரிய சான்று எங்களுக்குக் கிடைத்திருக்காது. வேலை போகலாம் என்று தெரிந்தே அவர் தன் தவறைத் தானே வந்து சொன்னார். அதை அப்போது நான் துணிச்சல் என்று நினைக்கவில்லை. வெகுளித்தனம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு தலைவி அவரோடு மிகவும் ஒட்டிக்கொண்டாள். அவருடைய டப்பாவிலிருந்து சாம்பார் சாதம் எடுத்துச் சாப்பிடுவாள். ஊரில் எந்தெந்தத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒருநாள் அவர் கட்டைப் பையில் ஆறு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். ஊரில் உள்ள ஆறு கிணறுகளிலிருந்து. ஈரத்தில் மை அழிந்துவிடும் என்று, பூக் கட்டுகிற வாழைநாரைப் பாட்டிலின் கழுத்தில் கட்டி, முதல் கிணற்றுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு என்று ஆறு வரை போட்டிருந்தார். மாணவர்கள் அந்த நார்களை அவிழ்க்காமல் அப்படியே படம் எடுத்தார்கள்.

மறுநாள் ஐந்து குழாய்கள் மஞ்சள். சில வெளிர், சில அடர்த்தி. ஆறாவது குழாய் மட்டும் பால் போல வெள்ளை.

தலைவி கேட்டாள், இந்த நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று. அதுவும் தங்கள் ஊர்தான், நிலபுலம் வைத்திருந்த ஒரு சம்சாரி வீட்டுத் தோட்டத்துக் கிணறு என்றார். இப்போது கைமாறிவிட்டது, காவல்காரரிடம் சொல்லி ஒரு பாட்டில் பிடித்தேன் என்றார். அப்படியானால் எல்லோரும் அதையே குடித்திருக்கலாமே என்று அவள் கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அதுல நாங்க எறைக்க முடியாது பாப்பா. அப்ப."

பக்கத்து மேஜையில் நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அவர் விவரித்த தோட்டம் எங்களுடையது. மோட்டார் அறை, அதையொட்டிய வாய்க்கால், வாய்க்கால் ஓரம் குடத்தோடு காத்து நிற்கும் பெண்கள், எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஆள் யாராவது இருந்தால் அவர்கள் குடத்தில் ஊற்றுவோம். யாரும் இல்லாவிட்டால் அவர்கள் தங்கள் கிணற்றுக்குத் திரும்பிப் போவார்கள். விடுமுறையில் வரும்போது நானே ஊற்றியிருக்கிறேன். கொஞ்சம் உயரத்திலிருந்து. அதைச் செய்துவிட்டு என்னை நல்லவனாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டியின் பக்கத்துக்கான வரைவை மாணவர்கள் எழுதி எனக்கு அனுப்பினார்கள். உதவியவர்கள் பகுதியில் அவரைப் பற்றி மூன்று வாக்கியங்கள் இருந்தன. தலைவி எழுதியவை. எங்கள் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தவர் அவர் என்பது முதல் வாக்கியம். ஆறு கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுவந்தவர் அவர் என்பது இரண்டாவது. மூன்றாவது, நல்ல தண்ணீர் இருந்த அந்த ஆறாவது கிணற்றில் அவர் தெருக்காரர்கள் இறைக்க முடியாமல் இருந்ததைப் பற்றியது.

மூன்றையும் நீக்கினேன். நீக்கியதோடு நிற்கவில்லை. முடிவுகள் பகுதியில், பயிற்சியில்லாத ஒரு துப்புரவுப் பணியாளர் கேனில் வெளித் தண்ணீரை ஊற்றியதால் சோதனைகள் கெட்டன என்றும், முறையான ஆய்வின் மூலம் மாணவர்கள் அதைக் கண்டறிந்தனர் என்றும் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்.

தலைவி என் அறைக்கு வந்தாள். அக்காவைப் பற்றி எழுதியது காணவில்லையே என்றாள். அவர் நம் கல்லூரியிலேயே வேலை செய்கிறவர், வெளி உதவி என்று எப்படிச் சொல்ல முடியும் என்றேன். கிணற்றுத் தண்ணீர்? பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவருவதெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்டேன். கடைசியில் அவள் கேட்டாள், "கண்டுபிடிச்சது அக்காதானே சார்?" நடுவர்கள் இதைப் படித்தால் உங்கள் உழைப்பை மதிக்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என்னிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டாள். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். அதற்கு முன் அப்படி நின்றதில்லை.

கல்லூரியின் பெயருக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கல்லூரியின் பெயருக்கு முதல் இரண்டு வாக்கியங்களை மறைத்திருந்தால் போதும். நான் வரைவைத் திறந்ததும் முதலில் அழித்தது மூன்றாவது வாக்கியத்தை. அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டுக்கும் காரணம் தேடினேன்.

பக்கம் பூட்டப்பட்டது. குழுவுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. துறை வராந்தாவில் பெரிய சட்டத்துக்குள், இணையப் பக்கத்தில் எழுதியதையே சுவரொட்டியாக மாட்டினார்கள். அந்தச் சட்டத்தின் கண்ணாடியைத் தினமும் துடைத்தவர் அவர்தான். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது.

அடுத்த வருடம் ஆய்வக உதவியாளர் வேலை ஒன்று காலியானது. ஒப்பந்தம் இல்லை, நிரந்தரம். அவர் என் அறைக்கு வந்து வாசல் ஓரமாக நின்றார். தான் எட்டாம் வகுப்பு வரை படித்திருப்பதாகச் சொன்னார்.

"ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதும் சார். இன்ன இன்ன வேல செஞ்சா, பிள்ளைகளுக்கு ஒத்தாசையா இருந்தான்னு."

பார்ப்போம் என்றேன். அந்த வரியை எழுதினால் பூட்டிய பக்கத்தில் நான் எழுதியது பொய் என்று ஆகும். அதனால் எழுதவில்லை. தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். ஒருவர் சுவரொட்டியின் நகலைப் பார்த்துவிட்டு, கேனில் தண்ணீர் ஊற்றியது இந்த அம்மாதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மை. அதற்கு மேல் இன்னொரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோரும் அடுத்த விண்ணப்பத்தை எடுக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வராந்தாவில் அவர் கேட்டபோது, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைத்தார். இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தக்காரர் மாறினார். புதியவர் வயதானவர்களை வைத்துக்கொள்ளவில்லை. நான் ஒரு கருத்தரங்குக்கு வெளியூர் போய்த் திரும்பியபோது, கழுவுதொட்டி அருகே வேறு ஒரு பெண் நின்றிருந்தாள்.

நானும் ஓய்வு பெற்றேன். மனைவி இறந்துபோனாள். மகன் வெளியூரில். வில்லாபுரம் வீட்டில் நானும் ஒரு தண்ணீர்க் கேனும். ஏதாவது எழுத உட்கார்ந்தால் கை தானாக அந்த இணையப் பக்கத்தைத் திறக்கும். அதில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. வாக்கியத்தை அழித்த எனக்குப் படத்தை எடுக்கத் தோன்றவில்லை. ஆறு பாட்டில்கள் வரிசையாக நிற்கும். கழுத்தில் நார். பெரிதாக்கினால் முடிச்சுகளை எண்ணலாம். நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு என்று போய் ஆறாவது பாட்டிலுக்கு வரும்போது படத்தை மூடிவிடுவேன். கோவிலில் பூக்காரி நாரைக் கிள்ளினால் திரும்பிப் பார்ப்பேன். கடையில் பாலைக் கண்ணாடித் தம்ளரில் வைத்தால் அந்த வெள்ளைக் குழாய் போலத் தெரியும், குடிக்க முடியாது. இதை யாரிடம் சொல்வது? டாக்டரிடம் சர்க்கரை, தூக்கமின்மை என்று சொல்லலாம்.

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை கேன் போடுகிறவர் வரவில்லை. கேன் காலியாக இருந்தது. நான் குழாயடியில் குடத்தில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து அந்தக் கேனில் ஊற்றினேன். கழுத்து வரை ஊற்றிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. குடிக்கிற கேனில் எதற்குக் குழாய்த் தண்ணீர்? யாருக்காக ஊற்றினேன்? சமையலறையில் யாரோ எனக்குப் பின்னால் நின்று, நான் சரியாக ஊற்றுகிறேனா என்று பார்ப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பட்டப்பகல், பதினோரு மணி.

அந்த வாரமே போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். பூட்டிய பக்கங்களை மாற்ற இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழையைக் கண்டுபிடித்தவர் அவர்தான், கிணற்றுத் தண்ணீர் மாதிரிகளைக் கொண்டுவந்தவர் அவர்தான், நான் அதை மறைத்தேன், உதவியாளர் வேலை அவருக்குக் கிடைக்காததற்கு நானே காரணம் என்று. அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கல்லூரியில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த அம்மாவிடம் அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த ஊர் பஸ்.

சிறிய கான்கிரீட் வீடு. வாசலில் தட்டில் மல்லிகையைக் கொட்டிவைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க சார்" என்று எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். என் கை ஒரு நொடி தாமதித்தது.

"கேன் தண்ணிதேன் சார். பயப்படாமக் குடிங்க."

குடித்தேன். பிறகு கடிதத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். அவர் கைகள் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தன.

"பிள்ளைக எழுதியிருந்துச்சா இத?"

"எழுதியிருந்தாங்க. நான்தான் எடுத்துட்டேன்."

கைகள் நின்றன. "அந்தப் பாப்பாதேன் என்னைய மறந்துருச்சுன்னு இருந்தேன் சார். வேலை முடிஞ்சதும் இவ யாருன்னு போயிருச்சேன்னு." பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "எம்புட்டுச் சாம்பாரு குடுத்துருப்பேன் அதுக்கு."

நான் கடிதத்தை மடித்தேன். போதும் என்று நினைத்துவிட்டேன் போல. அவர் கேட்டார்:

"கெணத்தப் பத்தி அதுல இல்லையே சார்."

இல்லைதான். தவறைத் திருத்த எழுதிய கடிதத்திலும் நான் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தேன். எழுதும்போது எனக்கு அது தெரியவேயில்லை. அப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் அதுதான் நடந்தது.

"அது எங்க வீட்டுக் கிணறும்மா" என்றேன். ஐம்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வாக்கியத்தை அவர்கள் தெருவில் உட்கார்ந்து சொன்னேன்.

"தெரியும் சார். நீங்க மொத நாளு லேப்புக்குள்ள நடந்து வந்தப்பவே தெரியும். உங்கப்பா நடை."

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

"நீங்க சொல்லலயே சார்."

கொஞ்ச நேரம் பூவைக் கட்டினார். நீங்கள் லீவுக்கு வந்தால் குடம் நிறைய ஊற்றுவீர்கள் என்று அம்மா சொல்லும் என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நான் எழுந்துகொண்டேன். வாசல் வரை வந்தவர், பாப்பா எழுதியது அப்படியே கிடைக்குமா என்று கேட்டார். என்னிடம் இல்லை. அதை அழித்தவன் நான்தானே.

தலைவி இப்போது வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். முகவரி தேடி எழுதினேன். எல்லாவற்றையும், கிணறு யாருடையது என்பதையும் சேர்த்து. மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை, எனக்கென்று ஒரு சொல்லும் இல்லை. அந்த மூன்று வாக்கியங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். கீழே அவளுடைய தொலைபேசி எண், 'அக்காவிடம் கொடுக்கவும்' என்று.

இதற்கிடையில் கல்லூரிக்கான கடிதத்தைப் புதிதாக எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. கிணறு, வாய்க்கால், உயரத்திலிருந்து ஊற்றியது, மூன்றாவது வாக்கியத்தை முதலில் அழித்தது, தேர்வுக் குழுவில் வாயை மூடிக்கொண்டது, எல்லாம் எழுதினேன். நேரில் கொண்டுபோய்த் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். ஒருகாலத்தில் என் மாணவர். அவர் அதை முழுக்கப் படித்தார். இப்போது எதற்கு சார் இதெல்லாம் என்றார். சுவரொட்டியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றேன். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த முறை போனபோது சுவரொட்டியே இல்லை. சட்டம் இருந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வெளுத்து, நீளமாகத் தெரிந்தது. பிரச்சினை தீர்ந்தது சார் என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு உதவி செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

மறுபடி ஊருக்குப் போனேன். கையில் கொண்டுபோனது இரண்டு. மூன்று வாக்கியங்களையும் மாணவியின் தொலைபேசி எண்ணையும் அச்சடித்த தாள் ஒன்று, என் நான்கு பக்கக் கடிதத்தின் நகல் இன்னொன்று. அவர் முதல் தாளைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். தமிழ்தான், படித்துவிட்டார். நேரம் எடுத்தது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தார்.

என் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நான்காம் பக்கம் முடிந்ததும் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எல்லாமே உங்களப் பத்தித்தேன் சார் இருக்கு. நீங்களே வச்சுக்கங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒருவர் தவறவிட்ட துண்டை எடுத்துக் கொடுப்பது போலத்தான் சொன்னார். பாப்பாவின் தாளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அன்று தண்ணீர் கொண்டுவரவில்லை. கேட்கலாமா என்று நினைத்தேன். வெயில் கடுமையாக இருந்தது. கேட்காமல் எழுந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாணவி அவரோடு பேசுகிறாளாம். மேற்பார்வையாளர் அம்மா சொன்னார். என்னைப் பற்றி ஏதாவது பேச்சு வருமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதெல்லாம் இல்லை சார், சமையலும் பிள்ளைகளும்தான் என்றார்.

அந்த நான்கு பக்கமும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவர் சொன்னது சரியா என்று பார்க்க ஒருநாள் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். என்னைப் பற்றியது ஒவ்வொன்றாக அடித்தேன். என் வெட்கம், என் பயம், என் மனைவி இறந்தது, நான் பட்டது எல்லாம் போயிற்று. கடைசியில் அடிக்க முடியாமல் மூன்று வாக்கியங்கள் நின்றன. அவற்றை அந்த மாணவி ஏற்கெனவே எழுதியிருந்தாள்.